தலைப்பில் மூவர், படத்தின் கீழே இருவர்

கேள்வி: நான் ஒரு தமிழ்ச் செய்தி இணையதளத்தில் துணை ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒரு ஷிஃப்டில் இருபது செய்திகளாவது ஏற்ற வேண்டும். எழுதுவது, தலைப்பிடுவது, படம் சேர்ப்பது, ஏற்றுவது எல்லாம் ஒரே ஆள். மெய்ப்புப் பார்க்க, அதாவது வெளியிடும் முன் படித்துப் பிழை திருத்த, தனியாக யாரும் இல்லை. என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தினமும் எங்கள் தளத்தைப் படித்து, பிழைகளை ஒரு நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்து, நான் வீடு திரும்பியதும் நீட்டுகிறார். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். சென்ற மாதம் ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவரின் பெயரும் காயமடைந்தவரின் பெயரும் இடம் மாறிவிட்டன. அரை மணி நேரத்தில் திருத்தினோம். அதற்குள் பலர் பகிர்ந்துவிட்டார்கள். “அதுதான் திருத்தியாயிற்றே, அடுத்த செய்தியைப் பாருங்கள்” என்றார் செய்தி ஆசிரியர். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. தனி ஆளாக இருந்துகொண்டு பிழையைக் குறைக்க வழி உண்டா? இந்த வேலையில் நீடிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு குடும்பங்களிடமும் உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது பேசினார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால், பேசவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவரின் வீட்டு வாசலில் உறவினர்கள் மாலையோடு வந்து நின்றிருக்கலாம். அதைவிடக் கொடுமை மற்ற வீட்டில் நடந்திருக்கும்: நம் ஆள் பிழைத்துவிட்டார் என்று அரை மணி நேரம் நம்பியிருப்பார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று தயங்க வேண்டாம். அந்தப் பகுதி நிருபரை அழைத்துக்கொண்டு நேரில் போக முடிந்தால் போய் வாருங்கள். முடியாவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். தவறு எங்களுடையது, வருந்துகிறோம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மனம் ஆறுவதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

இனி பிழைகளுக்கு வருகிறேன். இணையச் செய்திகளில் பிழை மலிந்துவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம், இந்தத் தலைமுறைக்குத் தமிழ் தெரியவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அச்சிலும் இணையத்திலும் துணை ஆசிரியர்களோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்துத் துணை ஆசிரியர்களும் அவசரத்தில் ‘ஏரி’யை ‘ஏறி’ என்று எழுதியவர்கள்தான். வாசகர் கண்ணுக்கு அது போகவில்லை. நடுவில் ஒரு மெய்ப்புப் பிரிவு உட்கார்ந்திருந்தது.

அந்தப் பிரிவை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். இருவர் இருவராக உட்காருவார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். சொற்களோடு நிற்காது, காற்புள்ளி, அடைப்புக்குறி, பத்தி முடிவு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வந்தால் ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’, ‘பெரிய ற’, ‘சின்ன ர’ என்று எழுத்தெழுத்தாகப் பிரிப்பார். மற்றவர் சரிபார்ப்பதற்காக அச்சடித்த, மை காயாத நீளப் புரூஃபில் கண்ணை வைத்து, விளிம்பில் குறி போட்டுக்கொண்டே வருவார். அச்சு எழுத்துகளைக் கோத்தவர் திருத்திக் கொடுத்ததும் இரண்டாம் மெய்ப்பு. பக்கம் கட்டியதும் பக்க மெய்ப்பு. படிப்பவர் அரசியல் செய்தியையும் சினிமாச் செய்தியையும் ஒரே தொனியில், மந்திரம் ஓதுவதுபோல ஓதிக்கொண்டு போவார். சுவாரசியமாகப் படித்தால் பிழை தப்பிவிடும் என்பது அங்கே எழுதப்படாத விதி. அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பழைய புத்தகங்களின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று இரண்டு பக்கம் நீளும் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால், எழுதியவரைத் தவிர வேறு ஒருவர் படிக்காமல் எதுவும் வெளியே போகாது என்ற ஏற்பாடு இருந்தது.

கணினி அச்சுக்கோப்பு வந்ததும் கோப்பவர்கள் வீட்டுக்குப் போனார்கள். துணை ஆசிரியரே தட்டச்சு செய்யத் தொடங்கியதும், ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பிரதி என்று ஒன்று இல்லாமல் போனது. படிப்பவரின் வேலையும் போனது. இணையம் வந்தபோது மிச்சமிருந்த ஒருவரும் செலவுக் கணக்கில் சேர்ந்தார். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2017-இல் தன் தனிப் பிரதித் திருத்தப் பிரிவையே கலைத்தது. அதை எதிர்த்து ஊழியர்கள் அலுவலகத்தைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. உழைக்கும் பத்திரிகையாளர் யார் என்று சொன்ன 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர், நிருபர், துணை ஆசிரியர், கேலிச்சித்திரக்காரர் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் மெய்ப்புத் திருத்துபவரையும் சேர்த்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பில் டிஜிட்டல் ஊடகங்களும் அந்த விளக்கத்துக்குள் வந்தபோது, மெய்ப்புத் திருத்துபவரும் கூடவே வந்தார். சட்டத்தில் இருக்கும் அந்த ஆளை உங்கள் அலுவலகத்தின் ஷிஃப்ட் அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் வேலை, இல்லாத அந்த இரண்டாவது ஆளை எப்படியாவது உண்டாக்குவது. அதற்கு முன், இணையத்துக்கென்றே உள்ள பிழை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அது எழுத்துப்பிழை மாதிரி கண்ணில் படாது.

மாலை 5 மணிக்கு மாவட்ட நிருபரிடமிருந்து தகவல் வருகிறது: லாரியும் வேனும் மோதல், சம்பவ இடத்திலேயே இருவர் பலி, மூவர் படுகாயம். நான்கு பத்தி எழுதி ஏற்றுகிறீர்கள். 5.40-க்கு மருத்துவமனையில் ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி. தலைப்பை ‘மூவர் பலி’ என்று மாற்றி, முதல் பத்தியில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். 6.15-க்குப் பெயர்கள் வருகின்றன, அடியில் ஒட்டுகிறீர்கள். இப்போது அந்தப் பக்கத்தைப் புது வாசகராக மேலிருந்து படியுங்கள். தலைப்பில் மூவர் பலி. மூன்றாம் பத்தியில் ‘படுகாயமடைந்த மூவருக்கும் தீவிர சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது’. அவர்களில் ஒருவர் இறந்துதான் அரை மணி நேரம் ஆகிறதே? படத்தின் கீழே உள்ள விளக்கத்தில் இன்னும் இருவர் பலி. பகிரும்போது தலைப்புக்கு அடியில் தெரியும் சுருக்க வரியிலும் இருவர். ஒவ்வொரு வாக்கியமும் எழுதப்பட்ட நேரத்தில் சரியாகத்தான் இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் செய்தி தப்பு. நீங்கள் சொல்லும் பெயர் மாற்றமும், முதலில் வந்த தகவலும் பிறகு வந்த பெயர்ப் பட்டியலும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டப்பட்டதால் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதற்கு என்னிடம் உள்ள மருந்து கசப்பானது. இரண்டாவது முறை ஒட்டுப்போட வேண்டி வந்தால், ஒட்டாதீர்கள். செய்தியை மேலிருந்து புதிதாக எழுதுங்கள். ஆறு நிமிடம் கூடுதலாகும். தலைப்பு, முதல் பத்தி, படவிளக்கம், சுருக்க வரி ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக்கையை மட்டும் ஒருமுறை ஒப்பிடுங்கள். இறந்தவர், காயமடைந்தவர், வேனில் இருந்தவர் என மூன்று எண்களும் கூட்டிக் கழித்தால் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் நிருபரை மறுபடி அழைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது ஊர்ப் பெயர். ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சி செய்தியைத் தமிழாக்கும் இடத்தில் இது பெரிய வழுக்குப்பாறை. சென்னையின் மணலியும் இமாச்சலத்தின் மணாலியும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பற்றிய செய்தி என்றால் அது பனிமலையில் இருக்க முடியாது என்று யோசிக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத்தான் இருபது செய்தி என்ற கணக்கு பறித்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால் அது யோசிப்பதே இல்லை. பரமத்தி வேலூர்ச் செய்தி வேலூர் மாவட்டச் செய்தியாவதும் இப்படித்தான். மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த ஊர்ப் பெயரையும் தமிழாக்காதீர்கள்.

எண்கள் விஷயத்தில் ஒரே ஒரு துண்டுத் தாளைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்: ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. 2.5 பில்லியன் டாலர் என்பது 250 கோடி டாலர். மனக்கணக்காகப் போட்டால் அது 25 கோடியாகக் குறைந்துவிடும். பிறகு அதை ரூபாயில் பெருக்கிப் போட்டு, தப்பான தொகையை மேலும் துல்லியமாகத் தந்த பெருமையும் சேரும்.

பெயர் இருக்கக் கூடாத இடத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும் மெய்ப்பின் வேலைதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. சிறுமியின் பெயரை மாற்றிவிட்டு, தந்தையின் தொழிலையும் தெருவையும் அப்படியே விட்டுவைத்த செய்திகளைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் அது யார் என்று தெரியாதா? இந்தப் பிரிவின்படி பதிப்பாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும். உங்கள் செய்தி ஆசிரியரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்.

தட்டச்சால் வரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பவர்கள் பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தத் தவறினால் ‘பணி’ ‘பனி’யாகும், ‘குளம்’ ‘குலம்’ ஆகும். குரல்வழித் தட்டச்சுக்கு ‘கரை’யும் ‘கறை’யும் ஒன்றுதான். செய்திக் குறிப்பைப் பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். ‘வாணி’ போன்ற பிழைதிருத்திகளைப் பயன்படுத்துங்கள். சந்திப் பிழைகளைப் பார்க்க ‘நாவி’ இருக்கிறது. ஆனால் ‘முதல்வர் பனியைப் பார்வையிட்டார்’ என்றால் பிழைதிருத்திக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். அதனால் கருவி பார்த்துவிட்டது என்ற நிம்மதியில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

இப்போது அப்பாவின் நோட்டு. தமிழாசிரியர் என்பதால், அதில் பாதிக்கு மேல் ஒற்றுப் பிழைகளாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர் சொல்வது சரி. ‘மருந்து கடை’ என்றால் மருந்தைக் கடையச் சொல்வதாகிவிடும். ‘வேலை கொடு’ என்பதற்கும் ‘வேலைக் கொடு’ என்பதற்கும் நடுவில் ஒரு முருகனே நிற்கிறார். ஆனால் உங்கள் கையில் ஒரு செய்திக்கு நான்கு நிமிடம் மட்டும் இருந்தால், அந்த நான்கு நிமிடத்தை ஒற்றுக்குச் செலவிடுவதை நான் ஏற்க மாட்டேன். முதலில் பெயர், பிறகு எண், பிறகு தலைப்பு, சட்டச் சிக்கல். ஒற்றுக்குக் கடைசி இடம். இலக்கணம் அறிந்தவர்கள் என்னைத் திட்டலாம். ‘படுகாயம் அடைந்தவரை பார்த்தார்’ என்று வலி மிகாமல் போட்டதற்காக யார் வீட்டிலும் அழுகுரல் கேட்காது.

அதற்காக அந்த நோட்டை ஒதுக்கிவைத்துவிடாதீர்கள். அப்பாவிடம் உட்கார்ந்து பேசி ஒரு உதவி கேளுங்கள். “பொருள் மாறிப்போன பிழைகளை ஒரு பக்கமும் மற்றவற்றை எதிர்ப்பக்கமும் எழுதித் தருகிறீர்களா அப்பா? எந்த நேரத்தில் ஏற்றிய செய்தி என்றும் குறித்துவிடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அந்த நோட்டு உங்களுக்கு ஒரு வரைபடமாகிவிடும். எந்த ஷிஃப்டில், எந்த வகைச் செய்தியில், எந்த மணிக்குப் பிறகு பிழை கூடுகிறது என்பது தெரியும். பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் கூடும் என்பது என் அனுபவம். ஒருவர் பாதியில் விட்ட செய்தியை இன்னொருவர் கையில் எடுக்கும் நேரம் அது. எதிர்ப்பக்கத்தில் உள்ள ஒற்றுப் பிழைகளில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களை எடுத்து, உங்கள் தளத்துக்கென்று ஒரு சொற்பட்டியல் செய்துகொள்ளலாம். ‘கருப்பு’, ‘கறுப்பு’ இரண்டில் எது, ‘சதவீதம்’, ‘விழுக்காடு’ இரண்டில் எது என்பதையும் அதிலேயே முடிவு செய்யுங்கள். ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். இரண்டு வடிவமும் சரி என்று இருக்கும் இடத்தில் சண்டை வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே எழுதினால் போதும்.

உங்கள் ஷிஃப்டில் இன்னொரு துணை ஆசிரியராவது இருப்பார் அல்லவா? அவரோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அவர் செய்தியின் தலைப்பையும் முதல் பத்தியையும் நீங்கள் படிக்க வேண்டும். உங்களுடையதை அவர் படிக்க வேண்டும். மரணம், குற்றம், நீதிமன்றம், தேர்தல் முடிவு ஆகிய நான்கு வகைச் செய்திகளுக்கு மட்டும் முழுச் செய்தியையும் படிப்பது. எல்லாவற்றையும் படிப்போம் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். படிக்கும்போது கணினியில் படிக்காதீர்கள். செய்தியை ஏற்றிய கையோடு கைபேசியில் திறந்து, வாசகர் பார்ப்பதுபோலப் பாருங்கள். நீங்கள் அடித்த பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத பிழை அங்கே துருத்திக்கொண்டு நிற்கும்.

வாசகர்களின் கைபேசிகளுக்குச் செய்தி அறிவிப்பு அனுப்புவது அதற்குப் பிறகுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்பது பாதிதான் உண்மை. பக்கத்தைத் திருத்தலாம். ஆயிரக்கணக்கான கைபேசிகளுக்குப் போய்விட்ட அறிவிப்பில் பழைய தலைப்புதான் நிற்கும். வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்ட இணைப்பின் முன்னோட்டத்திலும் பழைய தலைப்புதான். ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் விபத்துச் செய்தி அரை மணி நேரத்தில் திருத்தப்பட்டது என்கிறீர்கள். உங்கள் தளத்தில் திருத்தப்பட்டது என்று சொல்லுங்கள். ஊரில் அது இன்னும் திருத்தப்படாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

ஓசையில்லாமல் திருத்திவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. லண்டனின் கார்டியன் நாளிதழ் ஒரு காலத்தில் அச்சுப்பிழைக்குப் பேர்போனது. ‘பிரைவேட் ஐ’ என்ற அங்கத இதழ் அதன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டுக் கேலி செய்தது. இன்றும் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே நாளிதழ் 1997-இல் வாசகர் தரப்பில் நின்று புகார்களை விசாரிக்க ஓர் ஆசிரியரை நியமித்து, திருத்தங்களுக்கென்று தனிப் பத்தி தொடங்கியது. 2006-இல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழும் அப்படி ஒருவரை நியமித்தது. திருத்தம் போட்டதால் இந்த இரண்டையும் வாசகர்கள் கைவிட்டதாகத் தெரியவில்லை. உங்கள் தளத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு நடக்காது. செய்தியின் அடியில் இரண்டு வரி போதும்: “இந்தச் செய்தியின் முந்தைய வடிவத்தில் இறந்தவர், காயமடைந்தவர் பெயர்கள் தவறாக இடம்பெற்றிருந்தன. மாலை 6.50-க்குத் திருத்தப்பட்டது. வருந்துகிறோம்.” பழைய ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு யாராவது கேள்வி கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இது ஒன்றாவது இருக்கும்.

செய்தி ஆசிரியரிடம் தமிழின் பெருமை பற்றிப் பேசிப் பயனில்லை. அவரும் உங்களைப் போலவே ஒரு எண்ணிக்கைக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர். இரண்டு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று விஷயங்கள் மட்டும் கேளுங்கள்: இரண்டாவது ஆள் தலைப்பைப் படிக்காமல் அறிவிப்பு போகக் கூடாது, அந்த நான்கு வகைச் செய்திகளுக்கு முழு வாசிப்பு வேண்டும், திருத்தினால் அடிக்குறிப்பு போட வேண்டும். பணம் செலவாகாத கோரிக்கைகள் இவை. தனியாக ஒரு மெய்ப்புத் திருத்துபவர் வேண்டும் என்பதையும் கேளுங்கள். இப்போது மறுப்பார், ஆனால் கேட்டது பதிவாகட்டும். எடிட்டோரியல் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அங்கே கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

வேலையில் நீடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே விட வேண்டாம் என்பதே என் கருத்து. வேகமாக எழுதவும், ஓடும் செய்தியைக் கட்டி இழுக்கவும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அச்சில் இருந்த எங்களுக்கு அந்த வேகம் வரவே இல்லை. நான் சொன்ன மூன்றில் ஒன்றாவது நடந்தால் தொடருங்கள். தவறு என்று தெரிந்த பிறகும் ‘படிப்பவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், இப்போது கை வைக்காதே’ என்று திருத்தவிடாமல் தடுத்தால், அன்றைக்கே வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.

தேடும்போது பதிப்பகங்களையும் மறக்காதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியையொட்டி நடப்பதால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைக்காமல் பதிப்பாளர்கள் அலைவார்கள். பக்கக் கணக்கிலோ பதினாறு பக்க ஃபாரக் கணக்கிலோ பணம் தருவார்கள். கூலி பெரிதாக இருக்காது. முன்பணம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களில் ஒரு புத்தகமாவது எடுத்துச் செய்து பாருங்கள். நாவல் வேண்டாம், கதையில் மனம் போய்விடும். முதல் புத்தகமாகச் சமையல் குறிப்போ சட்ட நூலோ கேட்டு வாங்குங்கள். அளவுகளையும் பிரிவு எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே ஆக வேண்டிய வேலை அது.